பொட்டலைக் காக்க மரம் வெட்டுகிறார்கள்

அன்புள்ள ஐயா,

ஆகஸ்டில் அம்மா ஊரிலிருந்து வருகிறார். 68 வயது, முழங்கால் வலி உண்டு. தெற்கு இங்கிலாந்தின் சர்ரேயில் உள்ள ஹைண்ட்ஹெட் பொட்டலைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, பிப்ரவரி விடுமுறையில் மகளோடு போய்ப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை காய்ந்த பழுப்புப் புதர்தான். அதுகூடப் பரவாயில்லை. ஓரிடத்தில் இளம் பிர்ச் மரங்களையும் பைன்களையும் வெட்டிக் குவித்திருந்தார்கள். மகள் அழுதே விட்டாள். "ஸ்கூலில் மரம் நடச் சொல்கிறார்கள், இங்கே ஏன் வெட்டுகிறார்கள்?" என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவை அங்கே கூட்டிப்போகலாமா?

க., வோக்கிங்

அன்புள்ள க.,

தாராளமாகக் கூட்டிப்போங்கள். நீங்கள் பிப்ரவரியில் பார்த்த அந்தப் பழுப்புப் புதர்தான் ஹெதர். ஆகஸ்ட் நடுவில் அது முழுக்கப் பூத்துவிடும், மலைச்சரிவே ஊதாவாகிவிடும். ஆனால் முதலில் உங்கள் மகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவள் கேட்டதுதான் அந்த இடத்தைப் பற்றிய முக்கியமான கேள்வி.

இங்கே ஹீத் என்று சொல்லும் இந்தப் பொட்டல் தானாக உண்டானதில்லை. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே காடு இருந்தது. புதிய கற்காலத்திலும் வெண்கலக் காலத்திலும் மனிதர்கள் அதை வெட்டினார்கள், ஆடு மாடு மேய்த்தார்கள். அடியில் இருப்பது மணற்பாறை. மரம் போனதும் மண்ணிலிருந்த சத்தை மழை கழுவி இறக்கிவிட்டது. மிஞ்சிய அந்த ஏழை மண்ணில்தான் ஹெதர் செழிக்கும். கொஞ்சம் உரம் சேர்ந்தாலும் அதற்கு ஆகாது, புல்லும் மரமும் ஏறி வந்துவிடும்.

அப்புறம் நூற்றாண்டுக் கணக்காக ஊர் மக்கள் அதைப் பொட்டலாகவே வைத்திருந்தார்கள். நம்மூர் மேய்ச்சல் புறம்போக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், நிலம் பண்ணையாருடையது, மேய்க்கவும் வெட்டவும் உள்ள உரிமை ஊராருடையது. மாட்டுக்குப் படுக்கை போட பிராக்கன் என்ற பெரணி, ரொட்டி அடுப்புக்கு கோர்ஸ் என்ற முட்புதர், கணப்புக்கு வெட்டி எடுத்த புல்தரைக் கட்டி என்று எல்லாம் அங்கிருந்துதான் போனது. ஹைண்ட்ஹெட் பக்கத்தில் டெவில்ஸ் பஞ்ச் பவுல் என்று ஒரு பெரிய பள்ளம் இருக்கிறதே, அதற்குள் குடியிருந்தவர்கள் பிர்ச் குச்சியிலும் ஹெதரிலும் துடைப்பம் கட்டி விற்றே பிழைத்தார்கள். புரூம் ஸ்குவயர் என்று அவர்களுக்குப் பெயர்.

அந்தத் தொழிலெல்லாம் நின்றுவிட்டது. பிர்ச் விதை காற்றில் வந்து விழுவது மட்டும் நிற்கவில்லை. இருபது முப்பது வருடம் சும்மா விட்டால் ஹெதர் நிழலில் செத்து, பொட்டல் இளங்காடாகிவிடும். இங்கிலாந்தின் தாழ்நில ஹீத்தில் சுமார் 80 சதவீதம் 1800-க்குப் பிறகு அழிந்துபோனது. உழவுக்கும் வீட்டுக்கும் பைன் தோட்டத்துக்கும் போனது பெரும்பகுதி. சும்மா விட்டதாலேயே போனதும் உண்டு. மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: முன்பு மாடும் துடைப்பக்காரரும் செய்த வேலையை இப்போது ரம்பம் செய்கிறது. மாடும் திரும்பி வந்திருக்கிறது, நீண்ட கொம்பும் சடைமுடியும் உள்ள ஹைலேண்ட் மாடுகளை அங்கே மேய விட்டிருக்கிறார்கள்.

முதல்முறை வெட்டிய அடிமரங்களைப் பார்த்தபோது எனக்கும் நெஞ்சு பதறியது. மரம் என்றால் நல்லது, வெட்டவெளி என்றால் வீண் என்ற எண்ணம் நமக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது. நீலகிரியின் புல்வெளிகளைத் தரிசு என்று நினைத்துத்தான் வெள்ளைக்காரர்கள் வாட்டில் மரமும் யூகலிப்டசும் நட்டார்கள். வரையாட்டுக்கு வேண்டியது அந்தப் புல்வெளிதான். இப்போது அங்கே வாட்டிலை வெட்டி எடுத்துப் புல்லை மீட்கப் பாடுபடுகிறார்கள். சர்ரேயில் சொந்த மண்ணில் நிற்கும் இதே கோர்ஸ், நீலகிரியில் பரவித் தொல்லை கொடுக்கும் களை. எந்தச் செடி எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்காமல் பச்சையா இல்லையா என்று மட்டும் பார்ப்பது பெரிய தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கோர்ஸ் புதரில்தான் டார்ட்ஃபர்டு வார்ப்ளர் என்ற சின்னக் குருவி வாழ்கிறது. குளிர்காலத்திலும் இந்த நாட்டை விட்டுப் போகாது, முள்ளுக்குள் சிலந்தியும் பூச்சியும் பொறுக்கித் தின்று பிழைக்கும். 1962-63-இன் கொடும்பனிக்குப் பிறகு பிரிட்டன் முழுவதிலும் பத்துப் பதினோரு ஜோடிதான் மிஞ்சியது. பொட்டல் போனால் அதற்குப் போக வேறிடம் கிடையாது.

சரி, நடைக்கு வருகிறேன். அம்மாவைப் பள்ளத்துக்குள் இறக்காதீர்கள், ஏறி வருவது முழங்காலுக்குக் கஷ்டம். விளிம்பிலேயே சுற்றி வரலாம். கார் நிறுத்துமிடத்தை ஒட்டிக் கடையும் கழிப்பறையும் இருக்கின்றன. அங்கிருந்து சில நிமிடங்களில் பள்ளத்தின் விளிம்புக்கு வந்துவிடலாம். அதற்கு மேல் முடியாது என்றால் அந்தக் காட்சியே போதும். முடியும் என்றால் மேலே போகும் பழைய கோச்சு வண்டிப் பாதையில் மெதுவாக ஏறுங்கள். மர நிழல் உண்டு. வழியில் ஒரு நினைவுக் கல் வரும். 1786-இல் போர்ட்ஸ்மவுத்தில் கப்பலேற நடந்து போன ஒரு மாலுமியை, அவன் காசிலேயே குடித்த மூன்று பேர் இங்கே கொன்றார்கள். அவன் உடையை விற்கப் போன இடத்தில் பிடிபட்டு, அடுத்த ஆண்டு மேலே கிபெட் ஹில்லில் தூக்கிலிடப்பட்டார்கள். செத்தவன் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்தக் குன்றுக்கு வரவே ஜனங்கள் பயந்ததால், 1851-இல் ஒரு நீதிபதி அங்கே சிலுவை நாட்டினார். அதில் 'இருளுக்குப் பின் ஒளி' என்று லத்தீனில் இருக்கிறது. குன்றின் உயரம் 272 மீட்டர். வானம் தெளிவாக இருந்தால் லண்டன் கட்டடங்கள் தெரியும்.

திரும்பும்போது கீழே உள்ள அகலமான பாதையில் வாருங்கள். 2011 வரை அதுதான் ஏ3 நெடுஞ்சாலை. லண்டனிலிருந்து போர்ட்ஸ்மவுத் போகும் அத்தனை வண்டியும் இந்தப் பள்ளத்தின் விளிம்பைச் சுற்றித்தான் ஊர்ந்தது. சுமார் 1.8 கிலோமீட்டர் சுரங்கப்பாதை திறந்து வண்டிகள் அதற்குள் போனதும் தாரைப் பெயர்த்து எடுத்துவிட்டு நிலத்தை ஹெதருக்கே விட்டுவிட்டார்கள். எனக்கு அங்கே மிகவும் பிடித்த இடம் இதுதான். ஓரத்தில் குனிந்து ஒரு கிளையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பூ ஒவ்வொன்றும் அரிசிமணி அளவுகூட இருக்காது. தண்டு கம்பி மாதிரி விறைப்பாக இருக்கும். துடைப்பம் கட்டியது ஏன் என்று தொட்டதும் புரியும். தேனீ இரைச்சல் காது நிறையக் கேட்கும். லாரி போன இடம் அது.

மொத்தம் நாலு கிலோமீட்டர் சுமார், நின்று நின்று போனால் இரண்டு மணி நேரம். அம்மா சேலை கட்டினால் கோர்ஸ் முள் இழுத்துவிடும், சுடிதார் நல்லது. மூடிய செருப்பு, உள்ளே சாக்ஸ். புதரில் உண்ணி இருக்கும், லைம் நோய் அதனால்தான் வருகிறது. வீட்டுக்கு வந்ததும் கணுக்காலும் முழங்கால் மடிப்பும் பார்த்துவிடுங்கள்.

ஏப்ரலில் ஒரு வெயில் நாளில் இன்னொரு முறை போங்கள். மஞ்சளாகப் பூத்த கோர்ஸ் பக்கத்தில் நின்றாலே துருவிய தேங்காய் வாசம் அடிக்கும். என் மனைவி முதல்முறை யாரோ சமைக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

மகளை மட்டும் அடுத்த ஜூனில், சூரியன் மறைந்த பிறகு, ஒன்பதே முக்கால் வாக்கில் அழைத்துப் போங்கள். நாம் பக்கி என்று சொல்லும் பறவையின் இனத்தில் ஒன்று ஆப்பிரிக்காவிலிருந்து அங்கே வருகிறது. தையல் இயந்திரம் ஓடுவது போல நிமிடக் கணக்கில் விடாமல் கத்தும். கூடு கட்டாது, வெறும் தரையில் முட்டையிடும். அதனால் பாதையை விட்டு இறங்காதீர்கள். அது பெரும்பாலும் தேடுவது, குளிர்காலத்தில் மரம் வெட்டித் திறந்த வெளியைத்தான். அவள் அழுத இடத்துக்குப் பக்கத்திலேயே நின்று கேளுங்கள்.

அன்புடன்.