ஆர்ச் கட்டுவதற்கு முன் பார்க்கிங்கிலிருந்து நடந்து பாருங்கள்

கேள்வி: நெடுஞ்சாலையை ஒட்டி 12 ஏக்கரில் பொழுதுபோக்குப் பூங்கா நடத்துகிறோம். நீர் விளையாட்டுகள், ராட்டினங்கள் எல்லாம் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் இணையத்தில் எழுதுகிறவர்களில் பலர், ‘உள்ளே போவதற்குள்ளேயே சலித்துவிட்டது’ என்றும், ‘வாசலைப் பார்த்தால் பூங்கா மாதிரியே தெரியவில்லை’ என்றும் எழுதுகிறார்கள். 60 அடி உயரத்தில் ஒரு ஆர்ச், இரண்டு பக்கமும் ஃபைபர் டிராகன் சிலைகள் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் கட்டட ஒப்பந்ததாரர். கையில் இருக்கும் பணத்தில் முக்கால்வாசி அதற்கே போய்விடும். செய்யலாமா?

பதில்: வேண்டாம். முதல் செலவாக அதைச் செய்யவே வேண்டாம்.

உங்களுக்கு வந்திருக்கும் இரண்டு குறைகளும் வேறு வேறு. ஒன்று காத்திருப்பைப் பற்றியது, இன்னொன்று தோற்றத்தைப் பற்றியது. ஆர்ச் இரண்டாவதை ஓரளவு மறைக்கும், முதலாவதைத் தொடாது. வருகிறவருக்கு வாசல் என்பது ஆர்ச் நிற்கிற இடம் மட்டும் அல்ல. காரை நிறுத்திக் கதவைத் திறப்பதில் தொடங்கி, டிக்கெட் வாங்கி, பையைச் சோதனைக்குக் கொடுத்து, லாக்கர் சாவியை வாங்கி, பிள்ளைகள் முதல் விளையாட்டைப் பார்த்து ஓடுகிற வரைக்கும் எல்லாமே அவருக்கு வாசல்தான். அந்த நேரம் முழுவதும் அப்பாவும் அம்மாவும் வேலை செய்துகொண்டே இருக்கிறார்கள். பணம் எண்ணுகிறார்கள், தலைகளை எண்ணுகிறார்கள், செருப்பை எங்கே விடுவது என்று கேட்கிறார்கள். அவர்கள் கையிலிருந்து இந்த வேலைகள் எவ்வளவு சீக்கிரம் இறங்குகின்றனவோ, அவ்வளவு சீக்கிரம் அவர்கள் உங்கள் பூங்காவுக்குள் வந்துவிடுகிறார்கள்.

இந்தத் துறையில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் உதாரணம், கலிபோர்னியாவின் அனாஹைமில் 1955 ஜூலை 17-ல் திறந்த டிஸ்னிலேண்ட். அதன் வாசலில் பிரம்மாண்டமாக எதுவும் இல்லை. கேட்டைத் தாண்டியதும் ஒரு சிறிய ரயில் நிலையம். அது நிற்கிற மண்மேடு பூங்காவைச் சுற்றி ஓடி, வெளிச் சாலையையும் வாகனங்களையும் கண்ணிலிருந்து மறைக்கிறது. நிலையத்துக்கு முன்னால் பூச்செடிகளால் ஆன மிக்கி முகம். அதன் இரண்டு பக்கமும் வழி பிரிந்து, ரயில் பாதைக்கு அடியில் இரண்டு சிறிய சுரங்கவழிகளாகப் போகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அதுவரை முழுதாகத் தெரியாது. சுரங்கவழியைக் கடந்தால் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் கடைத்தெரு விரிகிறது. மாடிகள் மேலே போகப்போகச் சிறிய அளவில் கட்டப்பட்டிருப்பதால், கட்டடங்கள் உயரமாகவும் தெரிகின்றன, மிரட்டாமலும் இருக்கின்றன. தெருவின் கோடியில், தொலைவில், கோட்டை.

அந்தக் கோட்டையின் உயரம் 77 அடி. உங்கள் ஒப்பந்ததாரர் சொல்லும் ஆர்ச் 60 அடி. அங்கே உயரமான பொருளைத் தெருவின் கோடியில் வைத்தார்கள், நீங்கள் அதைக் கேட்டிலேயே வைக்கப் போகிறீர்கள். கோடியில் இருப்பதை நோக்கி மக்கள் நடப்பார்கள். கேட்டில் இருப்பதை அண்ணாந்து பார்த்து, ஒரு செல்ஃபி எடுத்து, கடந்துவிடுவார்கள். அடுத்த அடியில் அதைவிடச் சிறியதாக ஒன்றைப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இதே டிஸ்னி நிறுவனமே பெரிய பொருள்களை நம்பி ஒருமுறை சறுக்கியது. அந்தக் கதைதான் உங்களுக்கு அதிகம் பயன்படும். 2001 பிப்ரவரியில் டிஸ்னிலேண்டுக்கு நேர் எதிரே, ஒரே முற்றத்தில், கலிபோர்னியா அட்வென்ச்சர் என்ற இரண்டாவது பூங்கா திறந்தது. அதன் வாசலில் மாநிலத்தின் பெயரை ஆளைவிட உயரமான பத்து ஆங்கில எழுத்துகளாக நிறுத்தினார்கள். அதைத் தாண்டினால் கோல்டன் கேட் பாலத்தின் சிறிய வடிவம், அப்புறம் ஒரு சதுக்கத்தில் பெரிய உலோகச் சூரியன். மொத்தத்தில் பார்வையாளர் ஒரு பெரிய தபால் அட்டைக்குள் நடந்து போவதுபோல் இருக்க வேண்டும் என்பது எண்ணம். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கலிபோர்னியாவில் இருப்பவர், கலிபோர்னியா என்று எழுதிய வாசல் வழியாக நுழைந்து, மறுபடியும் இன்றைய கலிபோர்னியாவையே பார்த்தார். எங்கேயோ வந்துவிட்டோம் என்ற உணர்வு அங்கே பிறக்கவில்லை. உலோகச் சூரியன் வடக்கு நோக்கி நின்றதால், அதன்மேல் வெளிச்சம் விழுவதற்காகச் சூரியனைத் தொடர்ந்து திரும்பும் கண்ணாடிகளைத் தனியாக வைக்க வேண்டியிருந்தது. பொருளை முதலில் முடிவு செய்துவிட்டு இடத்தை அப்புறம் யோசித்தால் இப்படித்தான் செலவு மேல் செலவு வரும்.

2007-ல் அந்தப் பூங்காவைத் திருத்த நூறு கோடி டாலருக்கும் மேலான திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். எழுத்துகள், பாலம், சூரியன் எல்லாம் போயின. 2012 ஜூன் 15-ல் அதே இடத்தில் 1920-களின் லாஸ் ஏஞ்சலஸ் தெரு ஒன்று திறந்தது. சிவப்பு டிராம் வண்டி, மரங்கள், மனிதர் அளவுக்கேற்ற கடைகள், தெருவின் கோடியில் பழைய சினிமா அரங்கின் கோபுரம். கார்ஸ் திரைப்படத்தை வைத்து அமைத்த புதிய பகுதியும் அதே நாளில் திறந்ததால், அதற்குப் பின் கூடிய கூட்டத்துக்கு வாசல் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவ்வளவு பெரிய நிறுவனம், பதினோரு வருடம் முன்பு கட்டிய வாசலை முழுதாக இடித்துவிட்டு, முதல் பூங்காவில் இருந்த அதே ஒழுங்குக்குத் திரும்பியது என்பதைக் கவனியுங்கள். குறுகலான வழி, வேறொரு காலத்துத் தெரு, தொலைவில் ஒரு குறி.

இதைப் படித்துவிட்டு உங்கள் வாசலிலும் அமெரிக்கத் தெரு கட்டப் புறப்பட்டுவிடாதீர்கள். எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசையைத்தான்: முதலில் வெளியுலகை மறைப்பது, பிறகு ஒரு சிறு இறுக்கம், பிறகு சட்டென்று திறப்பு, கண்ணுக்கு ஒரு இலக்கு. உங்களிடம் இலக்கு ஏற்கெனவே இருக்கும். நீர்ச்சறுக்குக் கோபுரமோ பெரிய ராட்டினமோ, எது உயரமோ அதுதான் உங்கள் கோட்டை. டிக்கெட் கவுன்ட்டரில் நிற்பவருக்கு இப்போது எது தெரிகிறது என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலான பூங்காக்களில் தெரிவது ஜெனரேட்டர் அறை, தண்ணீர் டேங்க், சறுக்கின் பின்பக்க இரும்புக் கால்கள். இவற்றை மூங்கில் தட்டியோ அடர்ந்த செடி வரிசையோ வைத்து மறைக்கலாம். உள்ளே நுழைந்து இருபது முப்பது அடி நிழலான, சற்றுக் குறுகிய வழி ஒன்றை வைத்து, அதன் முடிவில் கோபுரம் நேராகக் கண்ணில் படும்படி திருப்பிவிடுங்கள். ஆர்ச்சுக்கு ஆகும் செலவில் சிறு பங்கிலேயே இது முடிந்துவிடும்.

குறுகிய வழியில் ஒரு எச்சரிக்கை. நெரிசல் நேரத்திலும் அவசரத்திலும் கூட்டம் வெளியேறும் அகலம் அதற்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் திறக்கக்கூடிய தனி கேட் கட்டாயம் வேண்டும். தீயணைப்புத் துறையின் விதிகளை வடிவமைப்பாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அழகுக்காக இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மறைப்பதிலும் அளவு இருக்கிறது. புளோரிடாவில் 1998-ல் திறந்த, டிஸ்னியின் அனிமல் கிங்டம் என்ற விலங்குப் பூங்காவின் வாசல் ஒரு சிறு காடு. செடிகொடிகள், பாறைகள், அருவிகள், நடுநடுவே விலங்குகள். அதையெல்லாம் தாண்டித்தான் ‘வாழ்க்கை மரம்’ என்ற 145 அடி உயரச் செயற்கை மரம் முழுதாகக் கண்ணில் படும். எனக்குப் பிடித்த வாசல்களில் அது ஒன்று. ஆனாலும் காலையில் வருகிற குடும்பங்களில் பல அந்தக் காட்டைப் பார்க்காமலே ஓடுகின்றன, அவர்களுடைய எண்ணம் முழுவதும் சஃபாரியில் இருக்கிறது. உங்கள் பூங்காவுக்கு வருகிற பிள்ளைகளின் எண்ணம் முழுவதும் அலைக்குளத்தில் இருக்கும். வாசலில் அவர்களை அதிக நேரம் நிறுத்தி ரசிக்கவைக்க முயலாதீர்கள்.

சரி, காத்திருப்புக்கு வருவோம். உங்கள் விமர்சனங்களில் கடுமையானவை இங்கிருந்துதான் வருகின்றன என்று நினைக்கிறேன். சேவை தொடங்குவதற்கு முன் காத்திருக்கும் நேரம், தொடங்கிய பிறகு காத்திருக்கும் அதே அளவு நேரத்தைவிட நீளமாகத் தோன்றும் என்று டேவிட் மைஸ்டர் என்ற மேலாண்மை அறிஞர் 1985-லேயே எழுதினார். சறுக்கில் ஏற அரை மணி நேரம் சிரித்துக்கொண்டே நிற்பவர், டிக்கெட் கவுன்ட்டரில் பத்து நிமிடத்தில் கோபப்படுவது அதனால்தான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை 10 மணியிலிருந்து 11 மணிக்குள் 600 பேர் வருகிறார்கள், நான்கு பேருக்கு ஒருவர் டிக்கெட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 150 பரிவர்த்தனைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் என்றால் ஒரு கவுன்ட்டர் மணிக்கு 30 பேரை அனுப்பும். ஆக ஐந்து கவுன்ட்டர்கள் இடைவிடாமல் ஓட வேண்டும். உங்களிடம் மூன்று இருந்தால், 11 மணிக்கு 60 குடும்பங்கள் வெயிலில் நிற்கும். அதே வேலையை ஒரு நிமிடத்தில் முடிக்க முடிந்தால் அந்த மூன்றே போதும். இரண்டு நிமிடம் எதில் போகிறது என்று பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் பணம் வாங்குவதில் போகாது, விளக்கம் சொல்வதில்தான் போகும். எத்தனை அடிக்குக் கீழே அரை டிக்கெட், நீச்சல் உடை வாடகைக்குக் கிடைக்குமா, சாப்பாடு சேர்த்தா என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். இந்தப் பதில்களையும் உயரம் அளக்கும் அளவுகோலையும் வரிசையின் தொடக்கத்திலேயே பெரிதாக வைத்துவிட்டால், கவுன்ட்டருக்கு வரும்போது அவர்கள் முடிவோடு வருவார்கள். இணையத்தில் டிக்கெட் எடுத்தவர்களுக்கு உண்மையிலேயே தனி வழி கொடுங்கள். பள்ளி, கல்லூரிப் பேருந்துகளுக்குத் தனி கேட். ஒரு பேருந்துப் பிள்ளைகள் பொது வரிசைக்கு முன்னால் வந்துவிட்டால் பின்னால் நிற்கும் குடும்பங்களின் காலை கெட்டுவிடும்.

நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் இந்த வரிசையிலேயே இருக்க வேண்டும். டிஸ்னிலேண்டின் முதல் நாள் நல்ல வெயில். தார் இளகிப் பெண்களின் குதிகால் செருப்புகள் புதைந்தன. குழாய்ப் பணியாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் போதவில்லை. எழுபது வருடம் ஆகியும் அந்த நாளைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. இடத்துக்குத் தகுந்த கூரை போட டிஸ்னி பிறகு பழகிக்கொண்டது. 1983-ல் டோக்கியோவில் மழைக்காக வாசல் தெரு முழுவதையும் கண்ணாடிக் கூரையால் மூடினார்கள். 1992-ல் பாரிஸில் தெருவின் இருபுறமும் கடைகளுக்குப் பின்னால் மூடிய நடைவழிகள் கட்டினார்கள். நமக்கு மழையைவிட ஏப்ரல், மே வெயில்தான் கவலை, கண்ணாடிக் கூரை இங்கே அடுப்பாகிவிடும். காற்று புகும் உயரமான கூரையோ நிழல்வலையோ இப்போதைக்குப் போதும், கூடவே வேம்பும் புங்கையும் நடுங்கள்.

அறிவிப்புப் பலகைகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். உங்கள் கேட்டில் ‘கூடாது’ என்று முடியும் வரிகள் எத்தனை என்று பாருங்கள். வெளி உணவு கூடாது, பிளாஸ்டிக் கூடாது, பணம் திருப்பித் தரப்படாது. விதிகள் தேவைதான். ஆனால் வருகிறவரை வரவேற்கும் முதல் வாசகமாக அவை இருக்க வேண்டாம். டிக்கெட் எடுக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டியவற்றைப் பார்க்கிங்கிலும் இணையதளத்திலும் சொல்லுங்கள். அங்கேயே சொல்லிவிட்டால் சாப்பாட்டுக் கூடையை வண்டியிலேயே வைத்துவிட்டு வருவார்கள், கேட்டில் பாட்டியின் டிபன் டப்பாவைப் பிடுங்கி வைக்கும் நிலை வராது. முதல் மனக்கசப்பு பெரும்பாலும் பை சோதிக்கிற மேசையில்தான் நடக்கிறது. அங்கே நிற்பவருக்கு உங்கள் பூங்காவிலேயே அதிகப் பயிற்சி கொடுங்கள். அவரை வெறும் காவலாளியாக நினைக்காதீர்கள்.

மனிதரை வாசலில் நிறுத்துவது எவ்வளவு வேலை செய்யும் என்பதற்குச் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் விஜிபி பூங்காவின் சிலை மனிதரே சாட்சி. அசையாமல் நிற்கும் அவரைச் சிரிக்கவைக்க எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் முயன்றிருக்கிறார்கள்! அங்கே ஏறிய ராட்டினத்தை மறந்தவர்களுக்கும் அவரை நினைவிருக்கிறது. அவரையே நகல் எடுக்க வேண்டாம். உங்கள் ஊரில் பறை, தப்பாட்டம், பொய்க்கால் குதிரை ஆடுகிறவர்கள் இருந்தால், காலை கேட் திறக்கும் முதல் இரண்டு மணி நேரத்துக்கு நல்ல சம்பளத்துடன் அழையுங்கள். வரிசையில் நிற்கும் குழந்தைக்குப் பார்க்க ஏதாவது கிடைத்துவிட்டால் பெற்றோரின் முகமும் இளகும்.

படம் எடுக்கும் இடத்தைக் கேட்டைத் தாண்டி, வழிக்குப் பக்கவாட்டில் வையுங்கள். டிஸ்னிலேண்டின் பூ முகம் இரண்டு வழிகளுக்கும் நடுவில் இருப்பதால், அதன் முன் நின்று படம் எடுப்பவர்கள் யார் வழியையும் அடைப்பதில்லை. ஒப்பந்ததாரரின் டிராகன்மேல் உங்களுக்கு ஆசை இருந்தால் ஒன்றை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. நெடுஞ்சாலையில் போகிறவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்கு ஆர்ச் தேவையில்லை. சறுக்குக் கோபுரத்துக்கு நல்ல வண்ணமும் இரவில் விளக்கும் போதும்.

சாயங்காலத்தையும் பாருங்கள். ஈரத்துணியும் தூங்கும் குழந்தையுமாக அவர்கள் அதே வழியாகத்தான் திரும்புகிறார்கள். லாக்கர் சாவியைத் திருப்பித் தரவும் முன்பணம் வாங்கவும் இன்னொரு வரிசை இருந்தால், இணையத்தில் எழுதும்போது அதுதான் முதலில் வரும். மாலை 5 மணிக்கு மேல் காலை டிக்கெட் கவுன்ட்டர்களில் இரண்டை முன்பணம் திருப்பித் தருவதற்கு மாற்றிவிடுங்கள். டீக்கடையை வெளியேறும் பக்கத்துக்கு நகர்த்துங்கள். பார்க்கிங் வரை விளக்கு போடுங்கள்.

இந்த வேலைகளைச் செய்து ஒரு கோடை விடுமுறை முழுதும் நடத்திப் பாருங்கள். அப்புறமும் வாசல் வெறுமையாக இருக்கிறது என்று மக்கள் எழுதினால், ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டு 20 அடியில் ஒரு ஆர்ச்சுக்கு விலை கேளுங்கள்.