ஒடைபா: பழைய பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்புங்கள்

டோக்கியோ வளைகுடாவில் இருக்கும் செயற்கைத் தீவான ஒடைபாவைப் பற்றி யார் கேட்டாலும் என்னிடம் திருப்பிவிடுகிறார்கள். டோயோசுவில் குடியிருக்கிறேன், பக்கத்துத் தீவு. ஊரிலிருந்து வந்தவர்களை எல்லாம் கூட்டிப்போய் செருப்பு தேய்ந்ததுதான் என் தகுதி. சேர்ந்துவிட்ட கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில்.

கேள்வி: அக்கா, பெரிய ராட்டினம், டீம்லேப் பார்டர்லெஸ் டிஜிட்டல் கலைக்கூடம், வீனஸ் ஃபோர்ட் கடைவளாகம் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாமா?

ஒரே நிமிடத்தில் முடிக்கலாம் தம்பி, மூன்றுமே அங்கே இல்லை. வீனஸ் ஃபோர்ட் 2022 மார்ச்சில் மூடியாயிற்று. 115 மீட்டர் ராட்டினமும் பார்டர்லெஸும் அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியோடு சரி. பார்டர்லெஸ் 2024 பிப்ரவரியில் நகருக்குள் இருக்கும் அசாபுதாய் ஹில்ஸ் வளாகத்துக்குக் குடிபோய்விட்டது. ஓஎடோ வெந்நீர்க் குளியல் இவற்றுக்கும் முன்னால், 2021-லேயே போய்விட்டது. ராட்டினம் நின்ற வளாகத்தில் 2025 அக்டோபரில் டொயோட்டா அரீனா என்ற விளையாட்டரங்கம் திறந்தார்கள். அதே டீம்லேப் குழுவின் பிளானெட்ஸ் கலைக்கூடம் வேறு. அது ஷின்-டோயோசுவில், எங்கள் வீட்டுப் பக்கம். உங்கள் கையில் இருக்கும் பட்டியல் எந்த வருஷத்தது என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: ஜேஆர் நிறுவன ரயில்களுக்கான பாஸ் வாங்கிவிட்டோம். அதிலேயே போய்விடலாம்தானே?

முடியாது. தீவுக்குப் போகும் யுரிகமோமே, ரிங்காய் என்ற இரண்டு ரயில் பாதைகளும் ஜேஆர் இல்லை. சுய்கா என்ற பயண அட்டையில் கொஞ்சம் பணம் போட்டுக்கொள்ளுங்கள். ஷின்ஜுகு, ஷிபுயா பக்கம் தங்கினால் சாய்கியோ பாதையில் வரும் சில ரயில்கள் அப்படியே ரிங்காய்க்குள் நுழைந்து தீவிலுள்ள டோக்கியோ டெலிபோர்ட் நிலையத்தில் இறக்கிவிடும். அதுதான் வேகம். ஆனாலும் போகும்போதாவது ஷிம்பாஷியிலிருந்து யுரிகமோமேயில் போங்கள் என்பேன். 1995-லிருந்து ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிற ரப்பர் சக்கர ரயில். ஓட்டுநர் அறை இல்லாததால் முன் கண்ணாடியை ஒட்டிய இருக்கை நமக்குத்தான். ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்ததற்கு முதல் ஆளாக நின்றால் கிடைத்துவிடும். ஷிபாவுரா தாண்டியதும், தீவுக்குப் போகும் ரெயின்போ பாலத்தின் உயரத்துக்கு ஏற வேண்டுமே, அதற்காக ரயில் ஒரு பெரிய வட்டம் போடும். சற்று முன் இடது பக்கம் பார்த்த கடல் வலது பக்கம் வந்துவிடும். என் மாமனார் எழுபது வயதில் அந்த இருக்கையை ஒரு பையனுக்கு விட்டுத்தர மறுத்தார்.

கேள்வி: ரெயின்போ பாலத்தில் நடக்க விடுவார்களா? கட்டணம் உண்டா?

விடுவார்கள், இலவசம். 1.7 கிலோமீட்டர், அரை மணி நேரம். டோக்கியோ கோபுரமும் நகரமும் வேண்டுமென்றால் வடக்குப் பாதை, தீவும் கடலும் வேண்டுமென்றால் தெற்குப் பாதை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இரவு 9 மணி வரை திறந்திருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை 6 மணிக்கே மூடிவிடுவார்கள், 5:30-க்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். இது தெரியாமல் ஒரு டிசம்பரில் விளக்கு பார்க்கலாமென்று 5:40-க்குப் போய், குளிரில் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். லாரி போகும்போது காலடியில் பாலம் அதிரும். பயந்தவர்கள் ரயிலிலேயே வரலாம்.

கேள்வி: குண்டம் என்கிற அனிமே ரோபோ பொம்மை வெறும் சிலைதானே? அதற்காக ஒரு பயணமா?

டைவர்சிட்டி கடைவளாகத்தின் முன்னால் நிற்பது 19.7 மீட்டர் யூனிகார்ன் குண்டம், 2017 செப்டம்பரிலிருந்து. ஆறு மாடி உயரம். எனக்கு ரோபோ கதை எதுவும் தெரியாது. ஆனால் பகல் 11, 1, 3, 5 மணிக்கு அது உருமாறும்போது நின்று பாருங்கள். நெற்றியிலுள்ள ஒற்றைக் கொம்பு இரண்டாகப் பிரியும், முகமூடி விலகும், தோள், இடுப்பு, முழங்கால் தகடுகள் நகர்ந்து இடுக்குகளில் சிவப்பு எரியும். அத்தனை பேரும் கைபேசியைத் தூக்கிக்கொண்டு மௌனமாக நிற்பார்கள். இருட்டிய பிறகு ஒளிக்காட்சி வேறு. நான் 5 மணிக் காட்சிக்குத்தான் கூட்டிப்போவேன், அதனால்தான் மூன்று மணிக்குக் கிளம்பச் சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் சைவம். யாழ்ப்பாணத்திலிருந்து வாறம். அங்க சாப்பிட ஏதும் கிடைக்குமா அக்கா?

சிரமம்தான், மறைக்கவில்லை. டெக்ஸ் கடைவளாகத்தில் தகோயாகி என்ற மாவு உருண்டைக்கென்றே ஒரு தளப்பகுதி உண்டு. உருண்டைக்குள் இருப்பது கணவாயின் உறவுக்காரர், ஆக்டோபஸ். அது கண்ணுக்குத் தெரியும், தள்ளிப்போய்விடலாம். தெரியாமல் மாட்டுவது தாஷி என்ற அடிப்படைச் சாறு. உடோன், சோபா நூடுல்ஸ் சாறு, சோயா சாஸ்போல வரும் தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் கட்சுவோபுஷி. உங்களுக்குச் சொன்னால் புரியும்: மாசிக் கருவாடேதான், அதே சூரை மீன். காய்கறி மட்டும் மிதக்கிறதே என்று நம்ப வேண்டாம். கடையில் உப்புப் போட்ட வெறும் ஓனிகிரி (சோற்று உருண்டை), பழம், வீட்டுப் புளிச்சாதம் என்று கட்டிக்கொண்டு கடற்கரைப் படியில் உட்காருங்கள்.

கேள்வி: கடற்கரையில் குழந்தைகள் குளிக்கலாமா?

காலை நனைக்கலாம், நீந்த வழக்கமாக அனுமதி இல்லை. மணலே கோசுஷிமா தீவிலிருந்து கொண்டுவந்து கொட்டியது. பெருமழையில் கழிவுநீர் கலந்துவிடும். 2019 ஆகஸ்டில் பாரா டிரையத்லான் போட்டியின் நீச்சலையே அதனால் ரத்து செய்தார்கள். அதற்குப் பதில் அந்த மணலோரமாகவே நடந்து மூன்றாம் எண் டைபாவுக்குப் போங்கள். 1853-இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் கறுப்புக் கப்பல்கள் வந்து மிரட்டியபோது அவசர அவசரமாகக் கடலுக்குள் எழுப்பிய பீரங்கி மேடை. தீவின் பெயரே அதிலிருந்துதான். போரில் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. கற்சுவருக்குள் கிண்ணம்போலப் புல்வெளி, ஆளரவம் இருக்காது. அங்கே நின்றால் பாலம் தலைக்கு மேல் இருப்பதுபோலத் தெரியும். பக்கத்துக் கடைவளாகத்தின் சுதந்திர தேவி சிலைக்குக் கூடுகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே வருவதில்லை. எனக்கு அது வசதி.

கேள்வி: வரியில்லாமல் வாங்க என்ன செய்ய வேண்டும்?

பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், நகல் செல்லாது. ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னோ அதற்கு மேலோ வாங்கினால் பெரும்பாலான பொருள்களுக்கு 10 சதவீதம் மிச்சம். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: வரியோடு வாங்கி, கிளம்பும்போது விமான நிலையத்தில் சரிபார்த்த பிறகுதான் பணம் திரும்பும்.

கேள்வி: சரி, எந்தக் கிழமை போகலாம்?

ஃபுஜி டிவி கட்டடத்தின் உருண்டைப் பார்வை மாடத்துக்குத் திங்கள் விடுமுறை, பால நடைபாதைக்கு மூன்றாம் திங்கள், மிராய்கான் அறிவியல் காட்சியகத்துக்குச் செவ்வாய். புதன்கிழமை போங்கள்.