கரண்ட் போனால் சர்வர் தானாக அணைய…

கேள்வி: தோட்ட ஆபீசில் யூபிஎஸ் இருந்தும், கரண்ட் போய் அரை மணியில் சர்வர் பொத்தென்று நின்றுவிடுகிறது. இரவில் ஆள் இல்லை. வழி உண்டா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: யூபிஎஸ் பெட்டியில் பிளாஸ்டிக் பையோடு கிடக்கும் யூஎஸ்பி கேபிளை முதலில் சர்வரில் மாட்டுங்கள். அது இல்லாமல் பேட்டரி தீர்வது சர்வருக்குத் தெரியாது. லினக்ஸ் என்றால் 'நட்' (NUT) என்ற இலவச மென்பொருள் போதும். பேட்டரி குறைந்ததாக யூபிஎஸ் சொன்ன பிறகே அது வழக்கமாக அணைக்கும். பழைய பேட்டரியை நம்பி அவ்வளவு நேரம் காத்திருக்காதீர்கள். டேட்டாபேஸ் மூடுவதற்குள் செத்துவிடலாம். கரண்ட் போய் 5 நிமிடத்தில் அணையும்படி நட்டில் டைமர் வையுங்கள்.

சர்வரின் பயாஸில் (BIOS – ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) 'கரண்ட் வந்தால் ஆன்' என்று மாற்றுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: சர்வர் அணையும்போதே கரண்ட் திரும்பினால், யூபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு வரும் மின்சாரம் அறுபடாததால் அது எழாது. ஆகவே கடைசியில் யூபிஎஸ்ஸும் ஒருமுறை வெளியீட்டை வெட்டும்படி நட்டில் அமையுங்கள். வேலை இல்லாத நாளில் சுவர் ஸ்விட்சை அணைத்துச் சோதியுங்கள்.