கொம்பியூட்டர் கேள்வி பதில்: ஃபோல்டரை சிப் பண்ணாதீங்க, பேட்ச்சா அனுப்புங்க

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல நாலு கடிதம் ஒரே விஷயத்தைச் சுத்தித்தான் வந்திருக்கு. ஒரு சொஃப்ட்வெயார்ல பிழை கண்டா அதைப் பதிஞ்சு வைக்கிற இடம்தான் பக் ட்ராக்கர், அங்க ஃபைல் அட்டாச் பண்றது எப்படி, மற்ற ஆள் அனுப்பின திருத்தத்தை எப்படிப் பார்க்கிறது எண்டு கேட்டிருக்கீங்க. திருகோணமலைப் பக்கத்தில இருந்து இப்பிடிக் கேள்வி வாறது எனக்குப் பெரிய சந்தோஷம், அதால வேற கேள்வியெல்லாத்தையும் அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போட்டன்.

கேள்வி: சேர், நான் கோணேசபுரி கம்பஸ்ல கடைசி வருஷம். நூலகத்துக்குப் பாவிக்கிற, ஆரும் உள்ள பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு ஓப்பின் சோர்ஸ் சொஃப்ட்வெயார்ல "திருகோணமலை" எண்டு தேடினா அரைவாசிப் புத்தகம்தான் வருது. நானே அந்த ப்ரோக்ராமின்ர கோடைத் திறந்து திருத்தி, முழு ஃபோல்டரையும் சிப் பண்ணி, ஸ்கிரீன்ஷொட் எல்லாத்தையும் ஒரு வேர்ட் ஃபைல்ல ஒட்டி அட்டாச் பண்ணினன். ரெண்டு நாளால "பேட்ச்சா தாங்க" எண்டு ஒரே ஒரு வரிதான் பதில். வெக்கமாப் போச்சு. நான் என்ன பிழை விட்டன்? (நிலாவெளி வாசகி)

பதில்: பிள்ளை, வெக்கப்பட ஒண்டுமில்ல. உங்கட திருத்தம் வேணாமெண்டா அந்த ஆள் அந்த ஒரு வரியையும் எழுதியிருக்க மாட்டார், பார்க்க விருப்பம் எண்டபடியாத்தான் கேட்டிருக்கார்.

சிப்ல என்ன கரைச்சல் எண்டா, அதைத் திறக்கிறவருக்கு நீங்க எந்த ஃபைல்ல எந்த வரியில கைவச்சீங்க எண்டு தெரியாது, ஆயிரக்கணக்கான வரியில அவர் தேடோணும். அதோட உங்கட ஃபோல்டர் நீங்க டவுன்லோட் பண்ணின நாளோட நிண்டிட்டுது, அதுக்குப் பிறகு வேற ஆக்கள் செய்த வேலை அதுக்குள்ள இல்ல, அதை அப்பிடியே தூக்கி மேல போட்டா அவையின்ர வேலை அழிஞ்சு போகும். பேட்ச் எண்டது வித்தியாசம் மட்டும்தான்: எந்த ஃபைல், எந்த வரி, எடுத்த வரிக்கு முன்னால கழித்தல் குறி, சேர்த்த வரிக்கு முன்னால கூட்டல் குறி, மேலயும் கீழயும் மாறாத 3 வரி. அந்த 3 வரியும் அடையாளத்துக்குத்தான். இடையில ஆரும் மேல நாலஞ்சு வரி சேர்த்து உங்கட இடம் கீழ தள்ளுப்பட்டாலும் அந்த வரிகளை வச்சு சரியான இடத்தைக் கண்டுபிடிக்கும். வித்தியாசம் எடுக்கிற டிஃப் எண்ட ப்ரோக்ராம் 1974ல யூனிக்ஸ்ல வந்தது, அந்த வித்தியாசத்தைத் திரும்பப் பூட்டுற பேட்ச் ப்ரோக்ராமை 1985ல லாரி வோல் எழுதினார், பிறகு பேர்ல் மொழியை உருவாக்கின அதே ஆள்தான். அதுக்கு முதல் தூரத்தில இருக்கிற ஆக்களுக்குத் திருத்தம் அனுப்புறது எவ்வளவு சிரமமா இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க.

இனி வேலைக்கு வாறன். கிட் எண்டது கோட்ல ஆர் எப்ப என்ன மாத்தினது எண்டு பதிஞ்சு வைக்கிற ப்ரோக்ராம். அதில ப்ரொஜெக்டை எடுத்து, உங்கட திருத்தத்தை அதில செய்து, கிட் டிஃப் அடிச்சா வித்தியாசம் வரும், அதை ஒரு ஃபைல்ல சேவ் பண்ணினா அதுதான் பேட்ச். உங்கட பேரும் விளக்கமும் சேர்ந்து போகோணும் எண்டா கொமிட் பண்ணிட்டு, அதாவது மாற்றத்தைக் கிட்ல பதிஞ்சிட்டு, கிட் ஃபோர்மட் பேட்ச் பாவியுங்க. இதில ஒரு பொறி இருக்கு, நானே ஒரு பின்னேரம் முழுக்க இதில மாட்டுப்பட்டிருக்கிறன்: விண்டோஸோட வாற பழைய பவர்ஷெல்ல அம்புக்குறி போட்டு ஃபைலுக்குத் திருப்பினா அது யூடிஎஃப் 16 எண்ட வேற எழுத்துக் குறியீட்டு முறையில எழுதிப்போடும், கண்ணுக்கு எல்லாம் சரியா இருக்கும், ஆனா கிட்டுக்கு அதை வாசிக்க ஏலாது. விண்டோஸ் கிட்டோட வாற கிட் பாஷ்ல செய்யுங்க, இல்லாட்டி கிட் டிஃப்லயே அவுட்புட் எண்ட ஒப்ஷனைக் குடுங்க. அனுப்ப முதல் அந்த ஃபைலை நீங்களே ஒருக்கா மேலயிருந்து கீழ வாசியுங்க. நீங்க தொட்டது 4 வரி, பேட்ச்ல 900 வரி எண்டா ஒண்டில் வரி முடிவுக் குறி விண்டோஸ் முறைக்கு மாறியிருக்கு, இல்லாட்டி எடிட்டர் தானாவே முழு ஃபைலையும் ஒழுங்குபடுத்திப் போட்டுது. அதைச் சரியாக்காமல் அனுப்பாதீங்க, உங்கட நல்ல 4 வரியும் அந்த 900க்குள்ள தாண்டு போகும்.

உங்கட ட்ராக்கர் பக்ஸில்லா எண்டா அட்டாச் பண்ற இடத்தில "பேட்ச்" எண்டு ஒரு கட்டம் இருக்கும், அதில மறக்காமல் டிக் போடுங்க, அப்பதான் அது சாதாரண எழுத்தா ப்ரவுசர்லயே திறக்கும், டிஃப் எண்ட லிங்க்கும் வரும். திருத்தித் திருப்பி அனுப்பேக்க பழையதை "ஒப்சொலீட்" எண்டு குறியுங்க, இல்லாட்டி எதை வாசிக்கிறது எண்டு தெரியாமல் ஆக்கள் பழையதை வாசிச்சுக் கொண்டிருப்பினம். வேர்ட் ஃபைல் வேண்டவே வேண்டாம். ஸ்கிரீன்ஷொட்டைத் தனிப் படமாப் போடுங்க, எரர் மெசேஜைப் படமாப் போடாமல் எழுத்தாவே கொப்பி பண்ணிப் போடுங்க, நாளைக்கு அதே எரரைத் தேடுற இன்னொரு பிள்ளைக்கு அது கிடைக்கும்.

உங்கட பிழையின்ர காரணத்தையும் சொல்லிவிடுறன், கொமென்ட்ல எழுத உதவும். "கோ"வில இருக்கிற ஓகாரத்தை யூனிகோட்ல, அதாவது கொம்பியூட்டர் எழுத்துகளுக்கு நம்பர் குடுக்கிற முறையில, ரெண்டு விதமா வைக்கலாம், ஒரே குறியீடாவும் வைக்கலாம், ஏகாரக் குறியும் காலும் எண்டு ரெண்டு குறியீடாவும் வைக்கலாம். ஒரு விதத்தில "திருகோணமலை" 10 குறியீடு, மற்றதில 11. கண்ணுக்கு ஒண்டுதான், கொம்பியூட்டருக்கு ரெண்டு சொல்லு. கீபோர்டைப் பொறுத்து புத்தகப் பேர்கள் ரெண்டு விதமாவும் பதியப்பட்டிருக்கும். தேட முதல், தேடுற சொல்லையும் பதிஞ்ச பேரையும் யூனிகோட் நோர்மலைசேஷன் செய்து ஒரே விதமாக்கினாச் சரி. உங்கட பேட்ச் இதைத்தான் செய்யுதெண்டா, ரெண்டு விதமா எழுதின சொல்லையும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்ல போட்டு அதையும் அட்டாச் பண்ணுங்க, தமிழ் தெரியாத ஆளும் அந்த ஃபைலை வச்சுப் பிழையைக் கண்டுகொள்ளுவார்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் சேர். எங்கட வாப்பாட மருந்துக்கடையில பில்லிங் சொஃப்ட்வெயார் அடிக்கடி நிண்டு போகுது. சொஃப்ட்வெயார் செய்யிறதைத் தானே எழுதி வைக்கிற லொக் ஃபைலைக் கேட்டாங்க, அட்டாச் பண்ணிட்டன். பிறகு பார்த்தா அதுக்குள்ள கஸ்டமர்ட போன் நம்பர், என்ன மருந்து வாங்கினாங்க எல்லாம் இருக்கு. ஒப்சொலீட் எண்டு குறிச்சா மறைஞ்சு போகுமா? (கிண்ணியா வாசகர்)

பதில்: வஅலைக்கும் சலாம் தம்பி. மறையாது. ஒப்சொலீட் எண்டது பழசு எண்டு கோடு கிழிக்கிறது மட்டும்தான், ஆரும் திறந்து பார்க்கலாம். இதை வாசிச்ச உடனே அந்த ட்ராக்கரை நடத்துற அட்மினுக்கு எழுதுங்க, இந்த அட்டாச்மென்ட்ல ஆக்களின்ர மருந்து விபரம் இருக்கு, தயவுசெய்து அழியுங்க எண்டு. சாதாரண பாவனையாளருக்கு அழிக்கிற வசதி அனேகமா இருக்காது, அட்மினாலதான் ஏலும். லொக்ல பாஸ்வேர்ட் ஏதும் இருந்தா அழிச்சாலும் அழிக்காட்டியும் இண்டைக்கே மாத்துங்க, இதுக்குள்ள ஆரும் கொப்பி எடுத்திருக்கலாம், அட்டாச் பண்ணேக்கயே பலருக்கு ஈமெயிலும் போயிருக்கும்.

ஒருத்தர் என்ன மருந்து எடுக்கிறார் எண்டது ஊருக்குள்ள எவ்வளவு கதையாப் போகும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. அடுத்தமுறை நிண்டுபோன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் உள்ள வரிகளை மட்டும் வெட்டி எடுத்து, நம்பரையும் பேரையும் வேற எழுத்தால மாத்திப் போடுங்க, மாத்தினன் எண்டதையும் எழுதுங்க. ஸ்கிரீன்ஷொட் எண்டா போன்ல இருக்கிற ஹைலைட்டரால பூசாதீங்க, அது மெல்லிசு, வெளிச்சத்தைக் கூட்டினா கீழ உள்ளது தெரியும். வெட்டி எடுங்க, இல்லாட்டி முழுக் கறுப்புப் பெட்டி வையுங்க.

கேள்வி: அண்ணா, வீட்டில இருந்துகொண்டு ஒரு கம்பனிக்கு வேலை செய்யிறன், சேர்ந்து எட்டு மாசம். 12 வருஷ அனுபவம் உள்ள ஒரு அண்ணை தன்ர பேட்ச்சை ரிவியூ பண்ண, அதாவது சரிபிழை பார்க்கச் சொல்லி என்ர பேரைப் போட்டிருக்கார். ஏற்கேலாது எண்டு மைனஸ் போட்டா கோவிப்பாரோ எண்டு பயம். எதைப் பார்க்கிறது எண்டும் தெரியேல்ல. (உவர்மலை வாசகி)

பதில்: தங்கச்சி, அவர் ரிவியூ கேட்டு உங்கட பேருக்கு நேர கேள்விக்குறி போட்டது உங்கட கண்ணில அவருக்கு நம்பிக்கை இருக்கிறபடியா. எழுதின ஆளுக்குத் தன்ர பிழை தெரியாது, எத்தனை வருஷம் அனுபவம் இருந்தாலும் அப்பிடித்தான். விளங்காமல் சரி எண்டு பிளஸ் போட்டா நாளைக்கு அந்தப் பிழைக்கு உங்கட பேரும் சேர்ந்து நிக்கும்.

நான் பார்க்கிற முறையைச் சொல்றன். பேட்ச்சைத் திறக்க முதல் பக்கை வாசிப்பன், என்ன பிழை, எப்ப வருது எண்டு. பேட்ச் போடாமல் அந்தப் பிழையை என்ர மெஷின்ல ஒருக்கா வர வைப்பன், வராட்டி சரியாகிட்டுது எண்டு எதை வச்சுச் சொல்றது? பிறகு கிட் அப்ளையில செக் போட்டு சரியாப் பூட்டுதா எண்டு பார்த்து, பூட்டி, அதே பிழையைத் திரும்பத் தேடுவன். அதுக்குப் பிறகுதான் வரி வரியா வாசிப்பு. இடைவெளி மாற்றம் கண்ணைக் குழப்பினா டிஃப்ல டபிள்யூ ஒப்ஷன் போட்டா அதெல்லாம் ஒதுங்கி உண்மையான மாற்றம் மட்டும் தெரியும். பேட்ச்ல இல்லாததையும் யோசிக்கோணும், டெஸ்ட் இருக்கா, இதே பிழை வேற ஃபைல்லயும் இருக்கா எண்டு.

எங்கட மொழி தெரிஞ்ச ரிவியூவர் எண்டபடியா உங்களால மட்டும் பிடிக்கக்கூடிய பிழைகளும் இருக்கு. ரசீதில இடம் காணாதெண்டு ஊர்ப் பேரை 6 குறியீட்டோட வெட்டுற பேட்ச் ஒண்டு வந்திருக்கு எண்டு வையுங்க. இங்கிலீஷ் பேருக்குச் சரி. "திருகோணமலை"யைக் குடுத்தா ஒருக்கா "திருகோ" எண்டு வரும், ஓகாரம் ரெண்டாப் பிரிஞ்சு இருந்தா "திருகே" எண்டு அச்சாகும். எழுத்து எண்டு பார்த்தா அந்தப் பேரே 6 எழுத்துத்தான், வெட்டவே தேவையில்ல! இதை "தமிழுக்குச் சரிவராது" எண்டு மொட்டையா எழுதாமல், எந்த வரி, என்ன குடுத்தீங்க, என்ன வந்தது, என்ன வந்திருக்கோணும் எண்டு எழுதுங்க. கட்டாயம் திருத்த வேண்டியது எது, உங்கட விருப்பத்துக்குச் சொல்றது எது எண்டு பிரிச்சுச் சொல்லுங்க. விளங்காத வரியை "இது ஏன் அண்ணை?" எண்டு கேளுங்க, பல நேரம் அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வெளிக்கிட்டுத்தான் எழுதின ஆளே பிழையைக் காணுவார். நல்லாச் செய்த இடத்தை நல்லது எண்டும் எழுதுங்க. என்ர முதல் பேட்ச்சுக்கு மைனஸ் போட்டவர் 7 வரியில ஏன் எண்டு எழுதியிருந்தார், அந்த 7 வரியில படிச்சதை நான் இண்டைக்கும் பாவிக்கிறன்.

கேள்வி: பேட்ச் போட்டு 3 மாசம், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கேல்ல. விட்டுடவா? (மூதூர் வாசகர்)

பதில்: விடாதீங்க. முதல்ல சரியான இடத்திலதான் போட்டீங்களா எண்டு பாருங்க. லிப்ரே ஒஃபிஸ்ல பிழையைப் பதியிறது பக்ஸில்லாவில, ஆனா பேட்ச் போகவேண்டியது கெரிட் எண்ட ரிவியூ தளத்துக்கு. மொசில்லாவிலயும் ஒரு காலம் பக்ஸில்லாவிலயே ரிவியூ நடந்தது, பிறகு ஃபாப்ரிகேட்டர் எண்ட ரிவியூ தளத்துக்கு மாறினாங்க. லினக்ஸ் கெர்னலுக்கு ஈமெயில்ல. வேர்ட்ப்ரெஸ்ல ட்ராக் எண்ட அவையின்ர பக் ட்ராக்கர்ல, அந்தப் பிழையைப் பதிஞ்ச டிக்கெட்ல டிஃப் ஃபைலை அட்டாச் பண்ணி "ஹேஸ் பேட்ச்" எண்ட கீவேர்டைச் சேர்க்கோணும், பழசாப் போனா "நீட்ஸ் ரிஃப்ரெஷ்" எண்டு போடுவாங்க.

இடம் சரியெண்டா, இண்டைக்கு இருக்கிற புதுக் கோட்ல உங்கட பேட்ச்சைப் பூட்டிப் பாருங்க, 3 மாசத்தில அனேகமாப் பூட்டாது. புதுப்பிச்சு அட்டாச் பண்ணி, அந்த ஃபைலைக் கடைசியா ஆர் ஆர் திருத்தினது எண்டு கிட் லொக்ல பார்த்து, அதில ஒருத்தரைப் பேர் போட்டு ரிவியூ கேளுங்க, பொதுவாக் கேட்டா மற்றவர் பார்ப்பார் எண்டு எல்லாரும் விட்டுவிடுவினம். பேட்ச் பெரிசெண்டா ரெண்டு மூண்டாப் பிரியுங்க. ரெண்டு கிழமை பொறுத்து ஒருக்கா மரியாதையா ஞாபகப்படுத்துங்க, அதுக்கும் அசைவில்லாட்டி பக் நம்பரை எழுதி எனக்கு அனுப்புங்க, நானும் ஒருக்கா பூட்டிப் பார்த்து அங்கயே கொமென்ட் எழுதுறன்.