சர்க்கரைவள்ளிக் கொடி நன்றாகப் படர்கிறது, கிழங்கு மட்டும் பிடிக்கவில்லையே, ஏன்?

மூன்று மாதத்தில் கொடி வேலி வரைக்கும் ஓடிவிட்டது, தோண்டிப் பார்த்தால் விரல் தடிமனுக்கு வேர்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். திருநெல்வேலிப் பக்கம் இதைச் சீனிக்கிழங்கு என்போம். முதல் வருடம் எனக்கும் இப்படித்தான் ஆனது.

கத்தரிக்குப் போடுகிற மாதிரி தொழுவுரத்தை அள்ளிப் போட்டதோடு, கடலைப் புண்ணாக்கையும் கரைத்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் சத்தெல்லாம் இலைக்கும் கொடிக்கும் போய்விடும், கிழங்கு பருக்காது. உங்கள் செடியின் இலை கரும்பச்சையாகத் தளதளவென்று இருந்தால் உரத்தை உடனே நிறுத்துங்கள். அடுத்த முறை நடும்போது மட்கிய உரம் கொஞ்சம் போதும், கூடவே ஒரு கை விறகுச் சாம்பல். அதில் சாம்பல்சத்து (பொட்டாஷ்) இருக்கிறது, கிழங்குக்கு அதுதான் வேண்டும்.

அப்புறம், கொடியைப் புரட்டிப் போடுகிறீர்களா? இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மண்ணைத் தொடுகிற கணுவெல்லாம் வேர் விடும். ஒவ்வொரு கணுவிலும் சுண்டுவிரல் அளவுக்குக் கிழங்கு வைத்தால் தாய்த்தூரில் எப்படிப் பருக்கும்? நட்டு ஒன்றரை மாதம் ஆனதும் கொடியைத் தூக்கி மறுபக்கம் போடுங்கள். தூக்கும்போது கணு வேர்கள் பட் பட்டென்று அறும், பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். தூக்கும்போது ஒடிகிற கொழுந்தை வீணாக்காமல் பொரியல் செய்யலாம், கீரை மாதிரியே இருக்கும்.

நிழலில் நட்டிருந்தால் என்ன செய்தாலும் பயன் குறைவு. நாள் முழுக்க வெயில் படுகிற இடத்தில், ஒரு முழ உயரத்துக்கு மண்ணைப் பொலபொலவென்று நீள மேடாகப் பார் அணைத்து, நாலைந்து கணு உள்ள நுனித்தண்டாக நடுங்கள். பாரில் வெடிப்பு விழுந்தால் மண் போட்டு மூடிவிடுங்கள். அந்த வெடிப்பு வழியாகத்தான் கூன்வண்டு கிழங்குக்கு இறங்கும். வண்டு துளைத்த கிழங்கு கசக்கும், சாப்பிடவே முடியாது.

நாங்கள் புரட்டாசியில் நட்டுத் தைப் பொங்கலுக்குத் தோண்டுவோம், ஏறக்குறைய 120 நாள். உங்களுடையது மூன்று மாதம்தான் ஆகிறது என்பதால் இப்போதே பிடுங்கிவிடாதீர்கள். இலை மஞ்சளாகத் தொடங்கியதும் ஓரத்தில் ஒரு கிழங்கை எடுத்து வெட்டிப் பாருங்கள். வெட்டிய இடத்தில் கசிகிற பால் நிறம் மாறாமல் காய்ந்தால் முற்றிவிட்டது. பச்சை கலந்து கறுத்தால் இன்னும் பத்துப் பதினைந்து நாள் விட்டுவையுங்கள்.