ஏரிக்குள் எறிந்த புத்தகங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் படிக்கும் என் தம்பியோடு சேர்ந்து ‘ஒன் பீஸ்’ என்ற கடற்கொள்ளையர் கதையின் அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) பார்த்துவருகிறேன். எக்ஹெட் தீவுப் பகுதி வரை வந்துவிட்டோம். அதற்கு மேல் அதன் மூலமான மங்காவும் (ஜப்பானிய காமிக்ஸ்) படித்திருப்பதால் நீங்கள் எதையும் மறைத்து எழுத வேண்டாம்.

கதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தம்பியும் அவன் நண்பர்களும் கதையைவிட அதன் ‘லோர்’ (அந்த உலகத்தின் பின்னணி வரலாறு) பற்றித்தான் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். வாய்ட் செஞ்சுரி, போனிகிளிஃப், ஜாய் பாய், மூன்று ஆயுதங்கள், ரெட் லைன் என்று அந்த உலகத்தின் புதிர்களைப் போட்டித் தேர்வுக்குப் படிப்பதுபோலக் குறிப்பெடுக்கிறார்கள். எல்லாவற்றையும் முதல் அத்தியாயத்திலேயே கதையை எழுதி வரையும் ஓடா திட்டம் போட்டுவிட்டார் என்று தம்பி அடித்துச் சொல்கிறான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கதாநாயகன் லூஃபி தின்றது உடம்பை ரப்பராக்கும் பழம் என்று இருபத்துச் சொச்சம் வருடம் சொல்லிவிட்டு, திடீரென்று அது சூரியக் கடவுள் நிகாவின் பழம் என்றால் அது திட்டமா, பிற்பாடு போட்ட ஒட்டா? இவ்வளவு பெரிய உலகக் கட்டுமானத்துக்குக் கதை என்ற அளவில் மதிப்பு உண்டா?

அன்புடன்,
செ.

அன்புள்ள செ.,

திட்டம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ‘ஒன் பீஸ்’ 1997 ஜூலையில் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கியது. ஐந்து வருடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்ததாக எய்ச்சிரோ ஓடாவே சொல்லியிருக்கிறார். அப்படித் தொடங்கிய கதை இருபத்தைந்து வருடத்தையும் தாண்டி ஓடுகிறதென்றால், போகிற வழியில் வந்து சேர்ந்தவை நிறையவே இருக்கும். எல்லாம் முன்பே எழுதிவைத்தது என்று நானும் நம்பவில்லை. ஆனால் முன்பே யோசித்ததா இல்லையா என்பதில் எனக்குப் பெரிய அக்கறையும் இல்லை. பின்னால் வருகிற விடையோடு பழைய காட்சிக்குத் திரும்பிப் போனால், அங்கே இருந்த மனிதர்கள் இன்னும் நெருக்கமாகிறார்களா என்றுதான் பார்ப்பேன்.

இந்த உலகத்தில் என்னை முதலில் இழுத்தது மர்மங்கள் அல்ல, லாக் போஸ். கிராண்ட் லைன் கடலில் ஒவ்வொரு தீவுக்கும் தனிக் காந்தப்புலம் உண்டு. சாதாரணத் திசைகாட்டி அங்கே சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். லாக் போஸ் என்பது மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கண்ணாடிக் குண்டு, உள்ளே ஒரு முள். நிற்கிற தீவின் காந்தம் அதில் பதிந்த பிறகுதான் அது அடுத்த தீவைக் காட்டும். பதிவதற்குச் சில மணி நேரம் ஆகலாம், சில நாள் ஆகலாம். லிட்டில் கார்டன் தீவில் ஒரு வருடம். ஆக, ஒரு தீவில் இறங்கிவிட்டால் நினைத்த நேரத்தில் கிளம்ப முடியாது. காத்திருக்கிற நாட்களில் அந்த ஊர்க்காரர்களோடு சாப்பிட்டுப் பேசி, அவர்கள் வழக்கு நம் வழக்காகிவிடும். கதாநாயகன் ஏன் ஊர் ஊராய்ப் போய்ச் சிக்கலில் மாட்டுகிறான் என்று எந்த சாகசக் கதையிலும் கேட்கலாம். இங்கே கடலே அதற்குப் பதில் சொல்லிவிடுகிறது. அந்த லிட்டில் கார்டனில் நூறு வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் டோரி, புரோகி என்ற இரண்டு ராட்சதர்களின் சொந்த ஊர் எல்பாஃப். அந்த ஊருக்குக் கீழே திரும்ப வருகிறேன்.

அப்புறம் வாட்டர் செவன் என்ற நகரம். 2004இல் வந்த பகுதி. தெருவுக்குப் பதில் கால்வாய், வண்டிக்குப் பதில் யாகாரா என்ற நீர்விலங்கு. வருடத்துக்கு ஒருமுறை அக்வா லகுனா என்ற பேரலை வந்து ஊரை அடித்துவிட்டுப் போகும். நகரம் தாழ்ந்துகொண்டே இருக்கிறது, முழுகிய வீடுகளின் மேல் புது வீடுகள் எழுகின்றன. தண்ணீருக்கடியில் எட்டிப் பார்த்தால் பழைய ஊர் தெரியும். மேயர் ஐஸ்பர்க், தீவையே கப்பல்போல மிதக்கவைக்க முடியுமா என்று யோசிக்கிறார். படித்த காலத்தில் நான் இதை அந்த ஒரு ஊரின் விசேஷமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

2024இல் வந்த அத்தியாயங்களில் வெகாபங்க் என்ற விஞ்ஞானியின் செய்தி உலகம் முழுக்க ஒலிபரப்பாகிறது. வாய்ட் செஞ்சுரி என்று வரலாற்றிலிருந்து அழிக்கப்பட்ட அந்த நூறு வருடத்தில் கடல்மட்டம் 200 மீட்டர் உயர்ந்தது என்கிறார். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் லுலூசியா நாடு ஒரே அடியில் இல்லாமல் போய், உலகெங்கும் கடல் 1 மீட்டர் ஏறியிருந்தது. இந்த உலகத்தில் ஏன் எங்கே பார்த்தாலும் தீவுகளாகவே இருக்கின்றன என்று நாம் கேட்டதே இல்லை. கடற்கொள்ளையர் கதை என்றால் தீவுகள் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம். அந்த 200 மீட்டர் மனதில் ஏறிய பிறகு வாட்டர் செவனுக்குத் திரும்பிப் போனால், அங்கே மாடி மேல் மாடி கட்டிக்கொண்டிருக்கும் தச்சர்கள் உலகம் முழுக்க நடந்ததைத் தங்கள் ஊரில் தினமும் எதிர்கொள்கிறவர்களாகத் தெரிகிறார்கள். ஓடா இதை 2004இலேயே யோசித்திருந்தால் என்ன, பிறகு யோசித்திருந்தால் என்ன? ஐஸ்பர்க்கின் கவலை இப்போது கூடுதல் கனமாகிவிட்டது, அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

நிகா விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பழத்தின் உண்மையைச் சொல்லும் 1044ஆம் அத்தியாயம் 2022 மார்ச்சில் வந்தது. நிகா என்ற பெயரே அதற்கு முந்தைய வருடம்தான், ஹூஸ் ஹூ என்ற வில்லனின் வாயிலிருந்து முதன்முதலாக வருகிறது. இவ்வளவு பெரிய திருப்பத்துக்கு அது போதாது, ஒட்டு தெரியத்தான் செய்கிறது. உதவாத பழத்தைத் தின்ற ஒரு பையன் தன் மூளையாலும் பிடிவாதத்தாலும் அதைப் பெரிதாக்கினான் என்ற அழகு எனக்கு இன்றும் பெரிது. இடியையே ஆயுதமாக வைத்திருக்கும் எனெல், தன் மின்னல் ரப்பரில் பாயவில்லை என்று கண்டு வாய் பிளக்கிற அந்தப் பக்கத்துக்குக் கடவுள் எதற்கு?

ஆனாலும் கதை அங்கே நின்றுவிடவில்லை. 2023-24இல் வந்த குமா என்ற பாத்திரத்தின் முன்கதையைப் பாருங்கள். அடிமையாக இருக்கும் சிறுவனுக்கு அவன் அப்பா நிகாவைப் பற்றிச் சொல்கிறார். என்றாவது ஒருநாள் வந்து நம்மை விடுவிப்பான் என்று தாளம் போட்டு ஆடிக்காட்டுகிறார். அதற்காகவே சுட்டுக் கொல்லப்படுகிறார். குமா பெரியவனாகி, தேவாலயத்தில் ஊர்க்காரர்களைக் கவனித்துக்கொண்டு, போனி என்ற சிறுமியை மகளாக வளர்த்து, அவளுக்கும் அதே தாளத்தைச் சொல்லித்தருகிறான். 2022இல் எனக்கு வெறும் அறிவிப்பாகப் பட்ட நிகா, ஒரு குடும்பம் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றிய நம்பிக்கை ஆவது இங்கேதான். தவிர, லூஃபிக்கு இதிலெல்லாம் ஆர்வமே இல்லை என்பதும் எனக்கு ஆறுதல். ஹீரோ என்றால் கறியைப் பங்கு போட்டுக் கொடுப்பவன், எனக்கோ கறி முழுக்க வேண்டும் என்று மீன்மனிதர் தீவிலேயே சொல்லிவிட்டவன் அவன். கடவுளின் பழம் என்று தெரிந்தாலும் அவன் மாறவில்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. இந்தக் கட்டுமானத்துக்கு மதிப்பு உண்டா என்று கேட்டால், ஓஹாரா தீவின் கதை போதும் என்பேன். 41ஆம் தொகுதி, 2006. அறிவு மரம் என்ற மாபெரும் மரத்துக்குள் ஒரு நூலகம், அதில் சில அறிஞர்கள். அவர்கள் செய்த குற்றம் போனிகிளிஃப் கல்வெட்டுகளை ஆராய்ந்தது, அவ்வளவே. பேராசிரியர் குளோவர் டென் டென் முஷி என்ற தொலைபேசியில், உலக அரசின் தலைவர்களான ஐந்து மூத்தவர்களிடமே தன் ஊகத்தைச் சொல்கிறார். இதைக் கல்லில் எழுதியவர்களுக்கு, காகிதத்தை அழிக்கக்கூடிய எதிரி இருந்திருக்க வேண்டும். தோற்றுப்போன ஒரு பெரும் ராஜ்யம் இருந்திருக்க வேண்டும். அந்த எதிரிகள்தான் 800 வருடம் முன்னால் உலக அரசை அமைத்தார்கள். ராஜ்யத்தின் பெயரைச் சொல்ல வாயெடுக்கும்போது அவரைச் சுடுகிறார்கள். பத்துப் போர்க்கப்பல்கள் தீவைச் சாம்பலாக்குகின்றன. மரம் எரிகிறது, அறிஞர்கள் வெளியே ஓடவில்லை. ஜன்னல் வழியாகப் புத்தகங்களை அள்ளி அள்ளி ஏரிக்குள் எறிகிறார்கள். தப்பிப் போகிற, பின்னாளில் லூஃபியின் கப்பலில் சேரும் 8 வயது ராபினின் தலைக்கு 7.9 கோடி பெரி விலை வைக்கிறது அரசு.

அந்தப் புத்தகங்கள் என்னவாயின என்று 16 வருடம் யாருக்கும் தெரியாது. 2022இல் 1066ஆம் அத்தியாயம் சொன்னது: எல்பாஃபின் ராட்சதர்கள் வந்து ஏரியிலிருந்து அத்தனையையும் எடுத்துப் போனார்கள். உடம்பெல்லாம் கட்டுப்போட்டு அவர்களோடு வந்தவர், ராபினைத் தப்பவைத்துவிட்டுச் செத்துப்போனதாக நாம் நினைத்த ராட்சதர் சவுல். வெகாபங்க் அவற்றைப் படித்தார். உலகத்துக்கே கேட்ட அந்தச் செய்திக்குப் பின்னால் இருப்பது ஓஹாராவின் படிப்பு. குளோவரைச் சுட்டு நிறுத்த நினைத்த பேச்சின் ஒரு பகுதியாவது கடைசியில் ஊரறியக் கேட்டுவிட்டது.

இந்தக் கதையில் வரலாற்றைப் பற்றிக் கேள்வி கேட்பதே மரண தண்டனைக்குரிய குற்றம். கிடைத்த துண்டுகளை அடுக்கிவைத்து விடுபட்டதை ஊகிப்பதுதான் குளோவர் செய்தது. உங்கள் தம்பியும் நண்பர்களும் மணிக்கணக்காகச் செய்வதும் அதுவே. கதையைவிட்டு விலகிப்போய் அவர்கள் லோர் பேசவில்லை, ஓஹாராவின் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு வருத்தம், குறிப்பெடுக்கிற வேகத்தில் சிலர் ராபினைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனால் ஒன்று செய்யுங்கள். 41ஆம் தொகுதியையும் 1066ஆம் அத்தியாயத்தையும் ஒரே நாளில் சேர்த்துப் படியுங்கள். தம்பியின் நண்பர்களையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.