காரைக்குடி ஆலை அறங்காவலர் கேள்விக்குப் பதில்

வணக்கம். தொழிலாளரின் வருங்கால வைப்பு நிதியை ஆலையே நிர்வகிக்கும் அறக்கட்டளைக்குத் தொழிலாளர் பிரதிநிதியாகத் தேர்வாகியிருக்கிறீர்கள். நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அறங்காவலர் குழுவில் நிர்வாகத்துக்கு எத்தனை இடமோ, தொழிலாளருக்கும் அத்தனை இடம். கேட்பது உங்கள் உரிமை.

முதலில் முதலீட்டுப் பட்டியலை வாங்குங்கள். ஒவ்வொரு கடன் பத்திரத்துக்கும் வெளியிட்டவர் யார், எப்போது முதிர்கிறது, தர மதிப்பீடு (பணம் ஒழுங்காகத் திரும்பும் என்ற நம்பகத்துக்குத் தரும் மதிப்பெண்) என்ன என்று வரிவரியாகப் பாருங்கள். வட்டிக்கடை நடத்திய நகரத்தார் பேரேட்டை எப்படிப் பார்த்தார்களோ, அப்படி. உயர்ந்த மதிப்பீடு மட்டும் போதாது. 2018-இல் ஐ.எல்.எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனத்தின் பத்திரங்கள் மிக உயர்ந்த தரத்திலிருந்து சில வாரங்களில் தவணை தவறிய நிலைக்குச் சரிந்தன. பல வைப்பு நிதி அறக்கட்டளைகளின் பணம் அதில் மாட்டிக்கொண்டது.

அடுத்தது வட்டி. மத்திய வைப்பு நிதி அமைப்பு (இ.பி.எஃப்.ஓ.) அறிவிக்கும் விகிதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஈடுகட்ட வேண்டியது நிர்வாகம். ஓய்வூதியக் கணக்கு தனி: நிர்வாகம் செலுத்தும் பங்கிலிருந்து, ஊதியத்தில் 8.33 சதவீதம், 15,000 ரூபாய் ஊதிய வரம்புக்குள், மத்திய ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. சக தொழிலாளர்கள் உங்களிடம் அதிகம் கேட்கப்போவது இதைத்தான்.

அடுத்த கூட்டத்தில் எல்லா அறங்காவலர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, மினிட்ஸ் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். கூட்டத் தாள்களும் ஒரு வாரம் முன்பே கைக்கு வர வேண்டும். தணிக்கை அறிக்கையை வாங்கி, தணிக்கையாளரையே நேரில் விளக்கச் சொல்லுங்கள். பட்டியல் கிடைத்ததும் புரியாத வரிகளை இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.